மெல்லிய ஆட்டோமேட்டிக் வாட்ச் மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

மெல்லிய ஆட்டோமேட்டிக் வாட்ச் (கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் வாட்ச்) வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "இவ்வளவு விலை கொடுத்து வாங்கினேன், நின்று நின்று போகிறது." பக்கத்தில் இருப்பவர் உடனே "ஒல்லியாகச் செய்தால் அப்படித்தான்" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார். அதை நம்பாதீர்கள். ஒழுங்காகச் செய்த மெல்லிய மூவ்மென்ட் (வாட்சின் உள்ளே ஓடும் இயந்திரம்) பல பத்தாண்டுகள் ஓடும், ஓடிக்கொண்டும் இருக்கிறது. ஆனால் அது சின்னக் குறையைக்கூடப் பொறுத்துக்கொள்ளாது, உடனே காட்டிக்கொடுத்துவிடும். என்ன காட்டுகிறது என்று படிக்கத் தெரிந்தால், பின்மூடியைத் திறக்காமலேயே கோளாறு எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

முதலில் எவ்வளவு மெலிசு என்பதைப் பார்ப்போம். எங்கும் புழங்கும் ஈடிஏ 2824-2 மூவ்மென்ட்டின் தடிமன் 4.6 மி.மீ. அதே நிறுவனத்தின் 2892-ஏ2, 3.6 மி.மீ. அதற்கும் கீழே போனால்தான் இந்த விஷயம் சூடு பிடிக்கிறது. 1960-ல் வந்த பியாஜே 12பி 2.3 மி.மீ., 1967-ல் ஜேகர்-லெகூல்ட் உருவாக்கிய 920 காலிபர் (காலிபர் என்றால் மூவ்மென்ட்டின் மாடல்) 2.45 மி.மீ., 1977-ல் வந்த படெக் ஃபிலிப் 240 2.53 மி.மீ., 2017-ல் வந்த புல்காரி பிவிஎல் 138 2.23 மி.மீ. இதில் அந்த 920-தான் தேதிச் சக்கரம் சேர்ந்து 3 மி.மீ.க்குச் சற்று மேல் ஆகி, ஓடுமார் பிகேயின் 1972 ராயல் ஓக், படெக்கின் 1976 நாட்டிலஸ், வாஷெரான் கான்ஸ்டான்டினின் 1977-ன் 222 என மூன்று பெரிய நிறுவனங்களின் வாட்ச்களுக்குள்ளும் உட்கார்ந்தது.

இவ்வளவு மெலிசாக்கும்போது இரண்டு விஷயத்துக்குத் தட்டுப்பாடு வருகிறது. ஒன்று வலு: மெயின்ஸ்பிரிங் (முறுக்கேறி வாட்சை ஓட்டும் ஸ்பிரிங்) நாடாவின் அகலம் குறைகிறது, கை அசைவில் சுழன்று அதை முறுக்கும் ரோட்டரின் எடை குறைகிறது, ஆக உள்ளே வரும் விசையும் சேமித்து வைக்கும் விசையும் குறைவு. இன்னொன்று இடைவெளி: முள்ளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், ரோட்டருக்கும் பின்மூடிக்கும் நடுவில், சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் எல்லாமே ஒரு மயிரிழைக் கணக்குதான். கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடியும். வலுப் பற்றாக்குறையா, எங்காவது உரசலா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

உங்கள் வாட்சில் எந்த மாதிரி ரோட்டர் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முழு ரோட்டர் என்றால் மூவ்மென்ட்டின் மேலே அரைவட்டமாகச் சுற்றும் (920, 2892 இந்த வகை). மைக்ரோ ரோட்டர் என்றால் மூவ்மென்ட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் பதிந்து சுற்றும் சின்ன வட்டம் (12பி, 240, பிவிஎல் 138). மூன்றாவது, விளிம்பைச் சுற்றி வளையமாக ஓடுவது, பியாஜே 910பி போல. பின்பக்கம் கண்ணாடி இருந்தால் பார்த்தாலே தெரியும், இல்லையென்றால் மாடல் எண்ணை வைத்துத் தேடிக்கொள்ளுங்கள்.

எதற்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். நின்றுபோன வாட்சை எடுத்து, கிரவுனை (பக்கத்தில் இருக்கும் திருகு) வெளியே இழுக்காமல் உள்நிலையிலேயே வைத்து, நிதானமாக 30 முதல் 40 சுற்று சாவி கொடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் "முழுசாகிவிட்டது" என்று கையில் முட்டாது, ஏனென்றால் மெயின்ஸ்பிரிங்கின் வெளிமுனை, அது சுருண்டிருக்கும் டிரம்மின் சுவரில் வழுக்கிப்போகும்படிதான் வைத்திருப்பார்கள். அப்புறம் சரியான நேரம் வைத்து, டயல் மேலே பார்க்கும்படி மேஜையில் போட்டுவிட்டு, தொடாமல் விட்டுவிடுங்கள். எத்தனை மணி நேரம் ஓடி நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 920 வகையில் நொடி முள்ளே கிடையாது, 240-ன் அடிப்படை வடிவத்திலும் கிடையாது. ஓடுகிறதா நின்றதா என்று பார்த்தவுடன் தெரியாது. கண்ணாடிப் பின்மூடி என்றால் திருப்பி பேலன்ஸ் வீலை (இருபக்கமும் மாறி மாறி ஆடும் சக்கரம்) பாருங்கள், இல்லையென்றால் அமைதியான அறையில் காதில் வைத்துக் கேளுங்கள். எப்படியும் நின்ற பிறகு முள் காட்டும் நேரமே சாட்சி. காலை 8 மணிக்கு வைத்த வாட்ச் மறுநாள் இரவு 11-ஐக் காட்டி நின்றால் 39 மணி நேரம் ஓடியிருக்கிறது.

தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்குப் பக்கத்தில் வந்தால், ஸ்பிரிங்கும் சக்கரத் தொடரும் நன்றாக இருக்கின்றன, பழுது இருந்தால் அது ரோட்டர் பக்கம்தான். 240-க்கு அந்த அளவு குறைந்தது 48 மணி, பிவிஎல் 138-க்கு 60 மணி, பழைய 920 வகைக்கு 40 மணிக்குச் சற்று முன்பின். 20, 25 மணியிலேயே படுத்துவிட்டால் ரோட்டரைக் குறை சொல்ல வேண்டாம், கோளாறு உள்ளே இருக்கிறது. ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனை விஷயத்தைப் பாதியாகப் பிளந்து கொடுத்துவிடும். இதைச் செய்யாமல் கடைக்குப் போவதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதம் இல்லை.

பகலெல்லாம் கட்டியிருந்தும் காலையில் நின்றிருக்கிறது

மேலே சொன்ன சோதனையில் தேறிவிட்டது, ஆனால் கட்டிப் பார்த்தால் மறுநாள் காலையில் நிற்கிறது என்றால், ரோட்டர் கொண்டுவரும் வலு போதவில்லை என்று அர்த்தம். அது ரோட்டரின் குற்றமா, உங்கள் நாள் அப்படியா என்று பிரிக்க வேண்டும்.

வாட்சை முழுசாக நிற்க விடுங்கள். கிரவுனைச் சுற்றிச் சாவி கொடுக்காமல், நேரம் மட்டும் வைத்து, கையில் கட்டி வழக்கம்போல ஒரு நாள் இருங்கள். இரவு கழற்றி வைத்த நேரத்தையும், அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் பாருங்கள். அவ்வளவுதான் ரோட்டர் அன்று சேமித்தது. அடுத்து நிறைய நடமாட்டம் உள்ள ஒரு நாளில் இதையே திரும்பச் செய்யுங்கள். நடந்த நாளில் நன்றாக ஓடி, உட்கார்ந்தே இருந்த நாளில் நின்றால் வாட்ச் மேல் தப்பில்லை. கம்ப்யூட்டர் முன்னால் எட்டு மணி நேரம் உட்காருபவரின் கை மேஜை மேல் கிடக்கிறது, ரோட்டர் சுற்ற வேண்டுமானால் மணிக்கட்டின் சாய்வு மாற வேண்டும். மைக்ரோ ரோட்டருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும், விட்டம் சின்னது, எடை சின்னது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் அதைத் தங்கத்திலோ பிளாட்டினத்திலோ செய்கிறார்கள். சுத்தத் தங்கத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 19.3 கிராம், பிளாட்டினம் 21.4 கிராம், எஃகு 8-க்குள். அலங்காரத்துக்கு என்று பலரும் நினைப்பது உண்மையில் எடைக்காக. இந்த நிலையில் தீர்வு ரொம்ப எளிது: காலையில் கட்டும்போது 15, 20 சுற்று சாவி கொடுங்கள், போதும்.

நடந்தாலும் ஏறவில்லை என்றால் ரோட்டரைச் சந்தேகிக்கலாம். வாட்சைச் செங்குத்தாகப் பிடித்து மெல்லச் சக்கரம்போல் சுற்றுங்கள். ரோட்டரின் கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் சாவி ஏறும் வகையில் மெல்லிய தடையோடு, சீராக வரும். ஒரு பக்கம் மட்டும் ஏறும் வகையில் (240 அப்படித்தான்) ஒரு பக்கம் சரசரவென்று சும்மா சுற்றும், மறுபக்கம் தடையோடு போகும். அந்தச் சும்மா சுற்றலைப் பார்த்துப் பயந்து சர்வீஸுக்குக் கொடுக்கிறவர்கள் உண்டு, தேவையில்லை. எங்காவது ஓரிடத்தில் மாட்டி, குலுக்கினால்தான் நகர்கிறது என்றால் அது பழுது. வழியில் அழுக்கோ, தேய்ந்த பேரிங்கோ, உரசலோ இருக்கிறது.

வாட்ச் வைண்டர் பெட்டியில் (வாட்சைச் சுற்றிச் சுற்றிச் சாவி ஏற்றும் பெட்டி) போட்டும் நிற்கிறது என்றால் முதலில் திசையைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஏறும் மூவ்மென்ட்டைத் தப்பான திசையில் ஆயிரம் சுற்று சுற்றினாலும் ஒன்றும் ஏறாது.

முழுச் சாவி கொடுத்தும் பாதியில் படுத்துவிடுகிறது

இது உள்பக்கக் கோளாறு. பெரும்பாலும் எண்ணெய் காய்ந்திருக்கும், அல்லது மெயின்ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். கொஞ்சம் நுட்பமான மூன்றாவது காரணமும் உண்டு: ஸ்பிரிங்கின் வெளிமுனை வழுக்கும் அந்த டிரம் சுவரில் ஒரு தனி கிரீஸ் தடவியிருப்பார்கள், ஸ்பிரிங்கை முழுசாக ஏறும்வரை பிடித்து வைத்து, அதற்கு மேல் போனால் விட்டுக்கொடுப்பதற்காக. அது காய்ந்தோ, தப்பான கிரீஸ் தடவியோ இருந்தால் ஸ்பிரிங் பாதியிலேயே வழுக்கிவிடும். நீங்கள் நாற்பது சுற்று கொடுத்திருப்பீர்கள், இருபதுக்குத்தான் கணக்கு ஏறியிருக்கும். தடிமனான மூவ்மென்ட்டில் கொஞ்சம் ஆயில் காய்ந்தாலும் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டு போய்விடும், மெல்லியதில் அந்த உபரி வலு கிடையாது. வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, சர்வீஸ்தான். கடைசி சர்வீஸ் ஆகி ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் வேறு காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறது

நிற்கும்போதெல்லாம் முள் எங்கே இருக்கிறது என்று எழுதி வையுங்கள், முடிந்தால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து முறை ஆனதும் ஒரு பாங்கு தெரியும்.

மணி முள்ளும் நிமிட முள்ளும் ஒன்றின் மேல் ஒன்று வரும் நேரத்தில் நிற்கிறதா? 12 மணி நேரத்தில் 11 முறை, அதாவது ஏறக்குறைய 65 நிமிடத்துக்கு ஒருமுறை அவை கடக்கும். அந்தக் கணங்களில் மட்டும் நின்றால் இரண்டு முட்களும் தொட்டுக்கொள்கின்றன. டயலில் ஒட்டியிருக்கும் ஒரே ஒரு எண்ணின் மேல் மட்டும் நின்றால் அந்த எண் லேசாகத் தூக்கியிருக்கிறது, அல்லது மணி முள் தாழ்ந்திருக்கிறது. வாட்சைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, பக்கவாட்டிலிருந்து, பின்னால் வெளிச்சம் இருக்கும்படி ஒரு லூப் (கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடி) வைத்துப் பாருங்கள். டயலுக்கும் மணி முள்ளுக்கும், மணி முள்ளுக்கும் நிமிட முள்ளுக்கும், நிமிட முள் நுனிக்கும் கண்ணாடிக்கும் நடுவே தனித்தனியாக மெல்லிய வெளிச்சக் கோடு தெரிய வேண்டும். கிரவுனை இழுத்து முட்களை மெல்லச் சுற்றிக்கொண்டே பார்த்தால் எந்த இடத்தில் கோடு அடைபடுகிறது என்று பளிச்சென்று தெரியும். கண்ணாடி மாற்றிய பிறகு இந்தத் தொல்லை ஆரம்பித்திருந்தால், கண்ணாடியின் உள்பக்கத்தில் நிமிட முள் நுனி வரைந்த வில் போன்ற மெல்லிய கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வழக்கு முடிந்தது, கண்ணாடி தாழ உட்கார்ந்திருக்கிறது.

இரவு 10-லிருந்து அதிகாலை 2-க்குள் மட்டும் நிற்கிறது என்றால் தேதிச் சக்கரம்தான். தேதி மாறும்போது சக்கரத் தொடர் கூடுதல் வேலை செய்கிறது, ஏற்கெனவே வலுக் குறைந்த மூவ்மென்ட் அங்கே மூச்சுத் திணறி நிற்கும். சாவி முழுசாக இருக்கும்போது நன்றாக மாறி, குறைந்திருக்கும்போது மட்டும் நின்றால் பிரச்சினை வலுவில். எப்போதும் நின்றால் தேதிப் பகுதியில் ஏதோ வளைந்திருக்கிறது, அனேகமாக மாறிக்கொண்டிருக்கும் நேரத்தில் யாரோ தேதியை வேகமாகத் தள்ளியிருக்கிறார்கள். இரவு 9-லிருந்து அதிகாலை 3 வரை தேதியை விரைவாக மாற்றும் நிலையைத் தொடவே கூடாது. ஓடுமார் பிகேயின் 2121 போன்ற 920 குடும்ப மூவ்மென்ட்டில் அந்த விரைவு வசதியே இல்லை, முட்களை நள்ளிரவு தாண்ட வைத்துத்தான் தேதி மாற்ற முடியும். அதைப் பழுது என்று நினைத்துக் கிரவுனை இழுத்து இழுத்துப் பார்க்காதீர்கள்.

திடீரென்று வேகமாக ஓடுகிறது

நேற்றுவரை ஒழுங்காக இருந்த வாட்ச் இன்று நாளுக்குப் பல நிமிடம் முன்னே போகிறது. முதல் சந்தேகம் காந்தம். ஹேர்ஸ்பிரிங்கில் (பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருள்) காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிங்கின் நீளம் குறைந்ததுபோல் ஆகி பேலன்ஸ் படபடவென்று அடிக்கும். போன், டேப்லெட் உறையின் மூடி, மடிக்கணினி, பையின் பொத்தான், இயர்போன் டப்பா என எல்லாவற்றிலும் காந்தம் இருக்கிறது. தடிமனான சில வாட்ச்களில் மூவ்மென்ட்டைச் சுற்றி மென்னிரும்புக் கூடு வைத்துக் காப்பாற்றுவார்கள், மெல்லிய வாட்சில் அதற்கு இடமே கிடையாது. சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங் இருந்தால் இந்தக் கவலை பெருமளவு இல்லை.

ஒரு சாதாரணத் திசைகாட்டியை மேஜையில் வைத்து, வாட்சை அதன் பக்கத்தில் கொண்டுபோய் மெல்லத் திருப்புங்கள். முள் வாட்சின் ஒரு பக்கத்துக்கு இழுபட்டு, திருப்பினால் விலகி ஓடினால் காந்தம் ஏறியிருக்கிறது. போன் திசைகாட்டியை நம்ப வேண்டாம், போனுக்குள்ளேயே காந்தம் இருக்கிறது. காந்தம் நீக்குவது கடையில் ஒரு நிமிட வேலை, அதற்காக வாட்சைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. "காந்தம் ஏறியிருக்கு, ஃபுல் சர்வீஸ் பண்ணணும்" என்று யாராவது சொன்னால் முதலில் காந்தத்தை மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

காந்தம் இல்லையா? அப்படியானால் எப்போது வேகமாக ஓடுகிறது என்று கவனியுங்கள். கையில் கட்டி நிறைய நடந்த பிறகு மட்டும் தறிகெட்டு ஓடி, கழற்றி வைத்துச் சில மணி நேரத்தில் தானாகச் சரியாகிறது என்றால் அது எதிர்ப்பக்கக் கோளாறு: வலு அதிகமாகிவிட்டது. டிரம் சுவரில் அந்த கிரீஸ் சொன்னேனே, அது விட்டுக்கொடுக்க வேண்டிய நேரத்தில் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டால், ரோட்டர் மேலும் மேலும் முறுக்கி, பேலன்ஸ் அளவுக்கு மீறி ஆடி, அதன் சின்னக் கல், அதற்குத் தள்ளு கொடுக்கும் பேலட் ஃபோர்க் என்ற கவையின் வெளிப்புறத்தில் போய் மோதித் திரும்பும். காதில் வைத்தால் டிக் டிக் என்ற சீரான ஓசைக்குப் பதில் குதிரை ஓட்டம்போல் தாளம் மாறிக் கேட்கும். சர்வீஸ் முடிந்து வந்த உடனே இது ஆரம்பித்தால் ஸ்பிரிங்கோ கிரீஸோ தப்பானதைப் போட்டிருக்கிறார்கள் என்று தைரியமாகச் சொல்லலாம், வாட்சைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதோடு ஓடவிட்டால் அந்தக் கல் உடையும்.

மெதுவாகப் பின்தங்குகிறது, அல்லது வைக்கும் விதத்துக்கு ஏற்ப மாறுகிறது

நாளுக்கு ஐந்து, பத்து நொடி பின்தங்குவது கோளாறில்லை. ஒரு நாளில் 86,400 நொடி, அதில் பத்து என்பது ஏறக்குறைய 0.012 சதவீதம். சுவிஸ் குரோனோமீட்டர் சான்று வாங்கும் மூவ்மென்ட்டுக்கே சராசரி -4 முதல் +6 நொடி வரை அனுமதி. இரவு டயல் மேலாக வைத்தால் எவ்வளவு, கிரவுன் கீழே பார்க்கச் சாய்த்து வைத்தால் எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்த்தால் பல நேரம் பகலில் இழந்ததை இரவில் மீட்கும் ஒரு நிலை கிடைக்கும். நொடி முள் இல்லாத வாட்சை ஒரு நாளில் அளக்க முடியாது, ஒரு வாரம் விட்டுப் பார்த்து ஏழால் வகுங்கள்.

வித்தியாசம் பெரிதாக இருந்தால் டைம்கிராபரில் (டிக் ஓசையைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் மெஷின்) போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பார்க்கும்போது நீங்களும் கூட நில்லுங்கள். அதில் முக்கியமான எண் ஆம்ப்ளிட்யூட், அதாவது பேலன்ஸ் எத்தனை டிகிரி ஆடுகிறது என்பது. முழுச் சாவியில் டயல் மேலாக 270-லிருந்து 310 வரை இருந்தால் ஆரோக்கியம், மெல்லியதில் 260 காட்டினாலும் நான் கவலைப்பட மாட்டேன். செங்குத்தாகப் பிடிக்கும்போது 20, 40 டிகிரி குறைவது இயல்பு. ஒரு நாள் கழித்துச் செங்குத்தாகப் பிடித்தால் 200-க்குக் கீழே போகிறது என்றால் சர்வீஸ் நேரம் வந்துவிட்டது. டயல் மேலாக நன்றாக ஆடி, டயல் கீழாகக் கவிழ்த்ததும் சட்டென்று விழுந்தால் பேலன்ஸ் அச்சின் ஒரு நுனி தேய்ந்தோ வளைந்தோ இருக்கலாம். வாட்ச் கீழே விழுந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அந்த நுனியின் விட்டம் 0.1 மி.மீ. அளவுதான்.

அந்த மெஷினில் லிஃப்ட் ஆங்கிள் (பேலட் ஃபோர்க்கோடு தொடர்பில் இருக்கும்போது பேலன்ஸ் திரும்பும் கோணம்) என்று ஒரு எண் போட வேண்டும், மூவ்மென்ட்டுக்கு மூவ்மென்ட் மாறும். 2824-க்கு 50, 2892-க்கு 51. அதை ஒரு டிகிரி தப்பாகப் போட்டால் ஆம்ப்ளிட்யூட் ஐந்து டிகிரி தப்பாக வரும். அரிய மூவ்மென்ட்டை 52-ல் விட்டு அளந்துவிட்டு "ஆட்டம் கம்மி" என்று சொல்வது நடக்கிற கதை, எந்த எண் போட்டார்கள் என்று கேளுங்கள். இன்னொன்று, 240 போன்றவற்றில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல் கிடையாது, பேலன்ஸ் வளையத்தில் இருக்கும் குட்டி எடைகளைத் திருப்பித்தான் சரிசெய்ய வேண்டும். அதற்குத் தனிக் கருவியும் பழகிய கையும் தேவை.

பின்னாலிருந்து சத்தம் வருகிறது

லேசான கரகர ஓசை, கையை அசைத்தால் மட்டும் கேட்பது, மெல்லிய வாட்சில் சகஜம். ஓசையைத் தடுக்க அங்கே சதையே இல்லை. ஆனால் உரசும் ஓசை, உலோகம் உலோகத்தைத் தேய்க்கும் சர்ர் என்ற ஓசை வந்தால் உடனே கட்டுவதை நிறுத்துங்கள். கண்ணாடிப் பின்மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: உள்பக்கத்தில் வில் வடிவத்தில் மஞ்சள் தடம் இருக்கிறதா, ரோட்டர் விளிம்பில் புதிதாகத் தேய்ந்த பளபளப்பு இருக்கிறதா, பிரிட்ஜின் (சக்கரங்களைத் தாங்கும் தகடு) மேல் பொடி உதிர்ந்திருக்கிறதா? ரோட்டர் தொங்கிவிட்டது. நடு ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம், கடைசியாகத் திறந்தவர் மெலிசான ரப்பர் வளையம் போட்டு மூடியிருக்கலாம்.

நடுவில் மட்டும் பிடித்த மெல்லிய முழு ரோட்டருக்கு விளிம்பு தாழ்வது பிறவிக் குணம். அதனால்தான் 920-ல் ரோட்டரின் ஓரத்துக்கு ஒரு வளையத் தண்டவாளம் போட்டு, அது மாணிக்கக் கல் உருளைகளின் மேல் உருளும்படி செய்தார்கள். 1967-லேயே இப்படி யோசித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். அந்த உருளைகளில் அழுக்கு சேர்ந்தால் ரோட்டர் கரடுமுரடாக ஓடும். யாராவது "ஒரு சொட்டு ஆயில் விடலாம்" என்றால் விடாதீர்கள், வழிந்த எண்ணெய் எங்கே போகும் என்பது யார் கையிலும் இல்லை.

சாவி கொடுத்தால் ரோட்டரும் சேர்ந்து சுற்றுகிறது

கிரவுனைச் சுற்றும்போது பின்னால் ரோட்டர் விர்ரென்று சுழல்கிறது, கையில் அதிர்வே தெரிகிறது. திசை மாற்றும் சக்கரங்கள் பிசுபிசுத்துப்போய், கழன்றுகொள்ள வேண்டிய நேரத்தில் கழன்றுகொள்ளாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த நிமிடமே சாவி கொடுப்பதை நிறுத்துங்கள், இன்னும் சுற்றினால் பல் உடையும். கையில் கட்டி ஓட்டலாம், ஆனால் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள்.

கையில் இறுக்கிக் கட்டினால் நிற்கிறது, கழற்றினால் ஓடுகிறது

இது மெல்லிய வாட்சுக்கே உரிய தொல்லை. தடிமனான பெட்டி வளையாது, மெலிசானது மிகச் சிறிய அளவில் வளையும். பட்டையை இறுக்கும்போது பின்மூடி உள்ளே அழுந்தி ரோட்டரைத் தொடுகிறது. ஒரு துளை தளர்த்திக் கட்டிப் பாருங்கள், சரியாகிவிட்டால் காரணம் அதுதான். விரலால் பின்மூடியை அழுத்திச் சோதிக்கிறேன் என்று இறங்க வேண்டாம். பியாஜேயின் 910பி போன்றவற்றில் வாட்சின் பின்பக்கமே மூவ்மென்ட்டின் அடித்தட்டு. அங்கே நீங்கள் அழுத்துவது மூடியை அல்ல, மூவ்மென்ட்டையே. அந்த வகை வாட்சைத் தயாரித்தவரைத் தவிர வேறு யாரிடமும் திறக்கக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மூவ்மென்ட் ஓடுகிறது, முள் நகரவில்லை

டிக் டிக் கேட்கிறது, டைம்கிராபரில் எல்லாம் சரி, ஆனால் நேரம் ஒரு நாள் இருபது நிமிடம், மறுநாள் ஒரு மணி நேரம் என்று தாறுமாறாகப் பின்தங்குகிறது. நிமிட முள்ளைப் பிடித்திருக்கும் கேனன் பினியன் தளர்ந்திருக்கிறது. நேரம் வைக்கும்போது கிரவுன் வெண்ணெய்போல் வழுக்கினால் உறுதி. சின்ன வேலைதான், பாகத்தை லேசாக இறுக்கினால் போதும்.

கண்ணாடிக்குள் ஆவி

யோசிக்க நேரமில்லை. மெல்லிய வாட்ச்கள் பலவற்றில் 30 மீட்டர் என்று எழுதியிருக்கும், அது அசையாத நிலையில் 3 பார் அழுத்தத்துக்கான அளவு, குளிக்கவோ நீந்தவோ அல்ல. வெயிலில் வைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது, அரிசியில் புதைப்பது எதுவும் வேண்டாம், ஈரம் உள்ளேயே இடம் மாறி உட்காரும். அன்றைக்கே திறந்து உலர்த்தக் கொடுங்கள். கிரவுனின் எஃகுத் தண்டில் துரு பிடிக்க ஓரிரு நாள் போதும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

"ஓடலை, பாருங்க" என்று கொடுக்காதீர்கள். முழுச் சாவியில் எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த நேரத்தில் நின்றது, கட்டியிருக்கும்போதா கழற்றிய பிறகா, திசைகாட்டி என்ன சொன்னது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நல்ல கைவினைஞர் அதைப் படித்துவிட்டு உங்களிடம் இரண்டு கேள்வி கேட்பார், படிக்காமல் ஓரமாக வைப்பவரிடம் வாட்சையும் வைக்காதீர்கள். இந்த மூவ்மென்ட்டை இதற்கு முன் பிரித்திருக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள், திறமையானவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். 1970-களில் வந்த லசால் 2000 என்ற 2.08 மி.மீ. ஆட்டோமேட்டிக்கில் சக்கரங்களை ஒரு பக்கம் மட்டும் குட்டி பால் பேரிங்கில் தாங்க வைத்திருந்தார்கள், பிரித்துச் சரிசெய்வதைவிட மூவ்மென்ட்டையே மாற்றுவது மேல் என்று சொல்லும் அளவுக்கு அதன் சர்வீஸ் பெயர் கெட்டது. எல்லா மெல்லிய மூவ்மென்ட்டும் அவ்வளவு மோசமில்லை, ஆனால் பழகாத கையில் முதல் பலி ஹேர்ஸ்பிரிங்தான்.

திரும்ப வாங்கும்போது கடையிலேயே ரோட்டரைச் செங்குத்தாகச் சுற்றிப் பாருங்கள், பக்கவாட்டில் முட்களின் இடைவெளியைப் பாருங்கள், சாவி கொடுக்கும்போது ரோட்டர் அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் முழுச் சாவி கொடுத்து மேஜையில் வைத்து, நிற்கும்வரை ஓடவிட்டுக் கணக்கெடுங்கள். சர்வீஸுக்கு முன் எழுதிய எண்ணும் பின் எழுதிய எண்ணும் ஒரே தாளில் இருக்கட்டும், அடுத்த சர்வீஸ் வரும்போது அந்தத் தாளைத்தான் முதலில் எடுப்பீர்கள்.